குழாய்க்கு இடம் விடாத கட்டடம்

லண்டனில் ஆறு வருடம் வேலை பார்த்தேன், அதில் நான்கு வருடம் இரவு ஷிஃப்ட். செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் முகப்பாக நிற்கிறதே, கோபுரமும் கூம்புக் கூரையுமாக ஒரு செக்கச்செவேல் என்ற செங்கல் ஹோட்டல், அதில்தான். ஹோட்டலின் நேரடி ஊழியன் இல்லை, பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆள். பம்ப், வால்வு, ரேடியேட்டர், குழாய் என்று தண்ணீர் ஓடுகிற எல்லாம் என் பொறுப்பு. திருச்சியில் ஐடிஐ முடித்துவிட்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் பிளம்பிங் பார்த்தவனுக்கு இது தெரிந்த வேலைதான் என்று நினைத்துப் போனேன்.

முதல் வாரமே பழைய பகுதியில் ஒரு பைப்பைப் பிடித்து நிறுத்த கிளிப் அடிக்க வேண்டியிருந்தது. டிரில்லை எடுத்துச் சுவரில் வைக்கப் போனேன். என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடம் லண்டனில் இருப்பவர், என் கையைப் பிடித்துவிட்டார். “தம்பி, அதைக் கீழ வை. இது 1873இல திறந்த கட்டடம். இதில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் கடிதம் வேணும்.” “ஒரு சின்ன ஓட்டைதானே அண்ணே” என்றேன். “சின்ன ஓட்டைதான். நூற்றைம்பது வருசத்தில ஒவ்வொருத்தனும் ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தா நீ இண்டைக்கு எதைப் பாப்பாய்?” என்றார். அவர் சொன்னது சட்டமும்கூட. இது பிரிட்டனின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் முதல் தரப் பட்டியலில் உள்ளது, அனுமதி இல்லாமல் அதன் தன்மையை மாற்றினால் அது குற்றம்.

அன்றிலிருந்துதான் இந்தக் கட்டடத்தை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் யார் கட்டினார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மிட்லண்ட் ரயில்வே என்ற கம்பெனி அதுவரை லண்டனுக்குள் வர அடுத்தவர் தண்டவாளத்தை நம்பியிருந்தது. பக்கத்திலேயே கிங்ஸ் கிராஸ் நிலையம் 1852இலேயே திறந்தாகிவிட்டது. தாமதமாக வந்தவர்கள் பெரிதாக வர வேண்டும் என்று நினைத்தார்கள். 1865இல் ஹோட்டலுக்கு வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள், ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் ஜெயித்தார். தேவாலயங்களைக் கட்டியும் புதுப்பித்தும் பேர் வாங்கியவர் அவர். அந்த நேரத்தில் அவருடைய மகன் உடம்பு சரியில்லாமல் கடற்கரை ஊர் ஒன்றில் படுத்திருந்தான். அங்கே ஒரு சின்ன ஹோட்டலில் தங்கியபடிதான் இந்தப் பெரிய ஹோட்டலை வரைந்து முடித்தார். இது தெரிந்த பிறகு அந்த முகப்பை என்னால் வெறும் ஆடம்பரமாகப் பார்க்க முடிந்ததில்லை. (பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரமும் இவர் வரைந்ததுதான், இந்தியாவுக்கு வராமலே.)

கம்பெனி தன் பாதையில் வரும் சரக்குகளின் விளம்பரப் பலகையாகவே இந்தக் கட்டடத்தை எழுப்பியது என்று எனக்குத் தோன்றும். செங்கல் நாட்டிங்காமில் இருந்து வந்தது. கற்களும் மிட்லண்ட் வட்டாரச் சுரங்கங்களில் இருந்து வந்தன. உள்ளே மெருகேற்றிய தூண்களைத் தடவிப் பார்த்தால் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை கலந்த சாம்பல், எல்லாம் பிரிட்டனின் வெவ்வேறு ஊர்க் கற்கள். பின்னால் ரயில் கூடத்தின் இரும்பு வளைவுகளில் டெர்பிஷைர் பட்டர்லி கம்பெனி, 1867 என்று வார்த்திருக்கும். அந்தக் கூரையை வரைந்தவர் வில்லியம் பார்லோ என்ற பொறியாளர். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 240 அடி அகலம், அன்றைக்கு உலகத்திலேயே ஒரே வளைவில் அவ்வளவு அகலம் வேறெங்கும் மூடப்படவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத விஷயம். தண்டவாளம் ரீஜெண்ட் கால்வாய்க்கு மேலே தாண்டி வர வேண்டியிருந்ததால் பிளாட்ஃபாரம் தெருவைவிட ஏறக்குறைய இருபது அடி உயரத்தில் அமைந்துவிட்டது. அந்த உயரத்தை மண் போட்டு நிரப்பியிருக்கலாம். பார்லோ அப்படிச் செய்யவில்லை. இரும்புத் தூண்களை வரிசையாக நட்டு, மேலே இரும்புத் தளம் போட்டு, கீழே கிடங்கை விட்டார். பர்ட்டன் ஊரில் இருந்து வரும் பீர் பீப்பாய்களுக்கான கிடங்கு அது. பீப்பாய்களை அடுக்கும் கணக்கை வைத்தே தூண்களுக்கு இடைப்பட்ட தூரத்தை முடிவு செய்தார்கள். அதோடு, மேலே உள்ள வளைவுகளின் கால்கள் இரண்டு பக்கமும் அகலாமல் இழுத்துப் பிடிப்பதும் அதே தளம்தான். ஒரே தளம் ரயிலையும் தாங்குகிறது, கூரையையும் பிடிக்கிறது, பீருக்கும் கூரையாகிறது. இன்று அந்தக் கிடங்கில் கடைகளும் பாரிஸ் ரயிலுக்கான சோதனை வாசலும் இருக்கின்றன. ஒவ்வொரு முறை அதைத் தாண்டிப் போகும்போதும் ஒரு தொழிலாளியாக மனது நிறையும்.

ஹோட்டல் 1873 மே மாதம் திறந்தது, மீதி வேலை 1876இல் முடிந்தது. சுமார் 300 அறைகள், தண்ணீர் அழுத்தத்தில் ஏறும் லிஃப்ட், 1899இல் சுழல் கதவு. பெரிய மாடிப்படி இரண்டாகப் பிரிந்து சுற்றிச் சுற்றி மேலே போகும். படியின் அடிப்பக்க இரும்பு விட்டங்களை மூடி மறைக்காமல் பூ வேலையோடு காட்டியிருப்பார்கள், சுவர் சிவப்பில் பொன் பூக்கள், உச்சியில் நீல விதானத்தில் நட்சத்திரங்கள். இரவு மூன்று மணிக்கு அந்தப் படியில் ஆள் இருக்காது. பம்ப் அறைக்குப் போகப் பின்பக்க வழி இருந்தும் சில நாள் வேண்டுமென்றே அந்தப் பக்கம் ஒரு நிமிடம் போய் நின்றுவிட்டு வருவேன்.

சரி, இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இத்தனை செலவு செய்து கட்டியவர்கள் அறைக்கு ஒரு பாத்ரூம் வைக்கவில்லை. 300 அறைகளுக்கும் சேர்த்து விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் குளியலறைகள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1873இல் வசதி என்றால் வேலைக்காரர்கள் வெந்நீரைச் சுமந்து வந்து தொட்டியில் ஊற்றுவது, காலையில் அழுக்குத் தண்ணீரையும் கட்டிலுக்கு அடியில் உள்ள பீங்கான் சட்டியையும் எடுத்துப் போவது. அத்தனை மாடி ஏறி இறங்கிச் சுமந்த அந்தப் பெண்களின், பையன்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நான் திருகும் ஒவ்வொரு வால்வும் அவர்கள் யாரோ ஒருவரின் முதுகுக்குப் பதிலாக நிற்கிறது என்பது ஷிஃப்ட் நடுவில் அடிக்கடி நினைவுக்கு வரும்.

காலம் மாறியது. புதிய ஹோட்டல்கள் அறையோடு குளியலறை கொடுத்தன. இங்கேயும் வைத்திருக்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். தீப்பிடித்தால் மாடிக்கு மாடி பரவக் கூடாது என்று தளங்களைக் கான்கிரீட் போட்டுக் கனமாகக் கட்டியிருந்தார்கள். மரத் தளம் என்றால் பலகையைத் தூக்கி, அடியில் கழிவுக் குழாயை வாட்டம் கொடுத்து ஓட்டிவிடலாம். இதில் வாட்டம் கொடுக்க இடமே இல்லை. குழாய் வேலை தெரிந்த எவருக்கும் இது புரியும், நல்ல தண்ணீரை எப்படியாவது வளைத்து நெளித்துக் கொண்டுபோய்விடலாம், கழிவுத் தண்ணீர் சரிவு இல்லாமல் நகராது. விருந்தாளிகளைக் காக்கப் போட்ட தளம், கடைசியில் விருந்தாளிகள் வராமல் போக ஒரு காரணமாயிற்று. 1935இல் ஹோட்டலை மூடினார்கள். தேவைக்கு மேல் நன்றாக இருக்கிறதோ என்று ஸ்காட்டுக்கே இந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. எனக்கு அது பெருமையாகவும் கேட்கிறது, கவலையாகவும் கேட்கிறது.

அதன் பிறகு ஐம்பது வருடம் ரயில்வே அலுவலகம். அலங்காரத்தின் மேல் பெயின்ட் அடித்தார்கள், குழல் விளக்கு தொங்கவிட்டார்கள். 1960களில் நிலையத்தையே இடிக்கும் பேச்சு வந்தது. சற்றுத் தள்ளி யூஸ்டன் நிலையத்தின் பெரிய வாசல் வளைவை அப்போதுதான் இடித்து முடித்திருந்தார்கள், அதனால் அது வெறும் பேச்சு இல்லை. கவிஞர் ஜான் பெட்ஜமன், விக்டோரியா காலக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் விக்டோரியன் சொசைட்டியின் நிக்கலஸ் பெவ்ஸ்னர், ஜேன் ஃபாசெட் போன்றவர்கள் விடாமல் போராடினார்கள். 1967 நவம்பரில் முதல் தரப் பட்டியலில் ஏறியது. விக்டோரியா காலக் கட்டடம் என்றால் புகை படிந்த அசிங்கம் என்று படித்தவர்களே நினைத்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது. 1980களில் தீப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று அலுவலகமும் காலியானது. தீக்காகவே அவ்வளவு கனமாகக் கட்டிய கட்டடம்!

2007இல் ஐரோப்பிய ரயில்கள் இந்த நிலையத்துக்கு மாறின, 2011 மார்ச்சில் ஹோட்டல் மறுபடி திறந்தது, மே 5 அன்று முறையான திறப்பு விழா நடந்தது. மேல்மாடிகள் பல குடியிருப்புகளாகிவிட்டன. பழைய பகுதியில் 38 சூட்கள் (பெரிய ஆடம்பர அறைகள்) மட்டும், மற்ற அறைகளைப் பின்னால் புதிதாகக் கட்டிய பகுதியில் வைத்தார்கள். முன்பு குதிரை வண்டிகள் வந்து நின்ற பாதைக்குக் கண்ணாடிக் கூரை போட்டு அதையே லாபியாக்கிவிட்டார்கள். பழைய பகுதியில் எதையும் பிளக்காமல், ஏற்கெனவே உள்ள இடுக்குகளைத் தேடி, கூரையோர வேலைப்பாட்டில் முட்டாமல் தண்ணீரைக் கொண்டுசேர்ப்பது எத்தனை பேரின் பொறுமை என்று எனக்குத் தெரியும். விருந்தாளி யாரும் அதைக் கவனிக்க மாட்டார். கவனிக்காதபடி இருப்பதுதான் அந்த வேலையின் தரம்.

ஒரு நாள் பகல் ஷிஃப்டில் வயதான அம்மா ஒருவர், எண்பது இருக்கும், மாடிப்படிக் கைப்பிடியைத் தடவியபடி நின்றிருந்தார். 1960களில் இங்கே ரயில்வே அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தாராம். தேநீருக்குத் தண்ணீர் பிடிக்கக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கிப் போவோம் என்றார். “இப்போது மேலே தண்ணீர் வருகிறதா?” என்று கேட்டார். அனுமதி வாங்கி, ஆள் இல்லாத ஒரு சூட்டைத் திறந்து பாத்ரூமுக்குக் கூட்டிப் போனேன். குழாயைத் திருப்பினேன். அவர் கையுறையைக் கழற்றி, தண்ணீர் வெதுவெதுப்பாகும்வரை கையை அடியிலேயே வைத்திருந்தார். பிறகு அவரே திருகி மூடினார்.