பெரியம்மாவின் கடற்கரைச் சாலை

போர்ட் பிளேருக்குப் போகிற நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் கடற்கரைக்குப் போய்விடுங்கள். கடிகாரம் நம்மூர் நேரத்தைத்தான் காட்டும், ஆனால் அந்தமான் அவ்வளவு கிழக்கே இருப்பதால் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாகவே பொழுது விடிந்து, அதே போல முன்னதாகவே சாய்ந்துவிடுகிறது. பிப்ரவரி மாதம் நான் போய் இறங்கிய அன்று மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினேன். ஊரின் கடலோரத்து மெரினா பூங்காவை அடைந்தபோது நல்ல இருட்டு. கடல் சத்தம் மட்டும் கேட்டது.

"நாளைக்கு என்கூட வாப்பா, நான் காட்டுறேன்" என்றார் பெரியம்மா.

பெரியம்மா கல்யாணமாகி 1976-இல் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறி இந்த ஊருக்கு வந்தவர். பெரியப்பாவுக்குப் பொதுப்பணித் துறையில் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் இருவரும் ஊர் திரும்பவில்லை. பெரியப்பா போன பிறகும் பெரியம்மா திரும்பவில்லை. "எதுக்கு இன்னும் அங்கேயே இருக்காங்க?" என்று எங்கள் வீட்டில் கேட்காதவர்கள் இல்லை. அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. மறுநாள் சாயங்காலம் அவரோடு நடந்த பிறகு இல்லை.

அபர்தீன் பஜாரின் மணிக்கூண்டிலிருந்து இறக்கத்தில் பத்து நிமிடம் நடந்தால் கடல் வந்துவிடும். அங்கே ஆரம்பிக்கிறது கடலோர நடைபாதை. ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர், சுவருக்குக் கீழே பாறைகளில் மோதும் தண்ணீர். நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில் இருப்பது போல, ராஸ் தீவு. 2018-இல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஊருக்கே 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வந்துவிட்டது. பெரியம்மா வாயில் இன்னும் போர்ட் பிளேரும் ராஸும்தான்.

நான்கரை மணிக்கு அந்தச் சுவர் முழுக்க மனிதர்கள். ஒரு வங்காளிக் குடும்பம் காகிதப் பொட்டலத்தில் ஜால்முறி என்கிற காரப்பொரி வாங்கிப் பகிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு தெலுங்குப் பெண்கள் வேகநடை போட்டார்கள். பெரியம்மாவுக்கு எதிர்ப்பட்ட எல்லோரையும் தெரிந்திருந்தது. ஒருவரிடம் தமிழ், அடுத்தவரிடம் இந்தி, அதற்கடுத்தவரிடம் அரைகுறை வங்காளம் என்று நிற்காமல் மாறி மாறிப் பேசிக்கொண்டே நடந்தார். அந்தமானின் இந்தி வடநாட்டு இந்தி அல்ல. எல்லா மொழிக்காரர்களும் புழங்கிப் புழங்கித் தேய்ந்த, யாரையும் மிரட்டாத இந்தி. எனக்கே பாதி புரிந்தது.

நடைபாதையின் வடக்குப் பகுதியில், நீர் விளையாட்டு மையத்தின் பக்கம் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் படகுச் சீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் அதைக் கவனிப்பதில்லை. தயவுசெய்து நின்று பாருங்கள். 1858 மார்ச்சில் ஆங்கிலேயர்கள் 200 கைதிகளோடு வந்து இங்கே தண்டனைக் குடியிருப்பை ஆரம்பித்தார்கள். காட்டை வெட்டத் தொடங்கியதும் இந்தத் தீவின் சொந்தக்காரர்களான அந்தமானியப் பழங்குடியினர் எதிர்த்தார்கள். 1859 மே 17 அன்று வில் அம்போடு திரண்டு வந்து தாக்கினார்கள். ஆனால் தூத்நாத் திவாரி என்ற தப்பியோடிய கைதி முன்கூட்டியே ஆங்கிலேயரிடம் போய்ச் செய்தியைச் சொல்லிவிட்டான். அவன் ஏறக்குறைய ஓராண்டு அந்த மக்களோடு அவர்களில் ஒருவனாக வாழ்ந்தவன், அவர்களில் பெண் எடுத்தவன். துப்பாக்கிக்கு முன் அம்புகள் என்ன செய்யும்? அவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. அந்த மக்களுக்குக் கிடைத்தது இந்தக் கல். அதைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இன்று ஊரே காற்று வாங்கும் இந்தக் கரை அவர்களுடையது.

அங்கிருந்து தலையைத் தூக்கினால் மேட்டில் செல்லுலார் சிறை. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்தார்கள். சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி ஏழு பிரிவுகள், அதில் மூன்றுதான் இன்று மிச்சம். காலையில் உள்ளே போய்ப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு அறையிலும் எட்டாத உயரத்தில் ஒரு சிறிய ஜன்னல். அறைக்குள் நின்றால் கடல் தெரியாது. நம் சாயங்கால நடைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற கடல் உள்ளே இருந்தவர்களுக்கு வெறும் ஓசையாக மட்டுமே இருந்திருக்கும் என்பது, கீழே சுவரோரம் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பெரியம்மா கொஞ்ச தூரம் நடந்து ஓரிடத்தில் நின்றார். "இங்கதான்" என்றார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குப் பூமி ஆடியது. எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். பெரியப்பா கடல் எப்படி இருக்கிறது என்று பார்க்க இறக்கத்தில் இறங்கியிருக்கிறார். தண்ணீர் உள்வாங்கி, பார்த்தேயிராத பாறைகள் எல்லாம் வெளியே கிடந்தனவாம். யாரோ கத்த, திரும்பி மேடேறி ஓடியிருக்கிறார். பின்னாலேயே தண்ணீர் சுவரைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டது. "ராஸ் குறுக்க இருந்துச்சு, அதான் அலையைத் தாங்கிக்கிச்சு. இல்லேன்னா நாங்க எங்க?" என்றார் பெரியம்மா. இந்த ஊரில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நிக்கோபார் தீவுகளில் அன்று நடந்ததை நினைத்தால் போர்ட் பிளேர் தப்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நிலநடுக்கத்தில் இந்தப் பகுதி நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. ஊருக்கு வெளியே சிப்பிகாட் பக்கம் போனால், வயலாக இருந்த இடங்களில் கடல்நீர் புகுந்து அப்படியே நின்றுவிட்டதைப் பார்க்கலாம். நெல் விளைந்த பூமி அது.

அடுத்த நாள் காலை ஆட்டோவில் கார்பைன்ஸ் கோவ் போனோம். நகரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். தெற்கே போகும் அந்தச் சாலைக்காகவே போகலாம். இடது கைப்பக்கம் கடல் கூடவே வருகிறது. நடுநடுவே ஜப்பானியர்கள் கட்டிய பதுங்கு குழிகள், கடலைப் பார்த்தபடி பாசி பிடித்து நிற்கின்றன. 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை தீவு அவர்கள் கையில் இருந்தது. ஒன்றின் உள்ளே குனிந்து எட்டிப் பார்த்தேன். துப்பாக்கிக்காக விட்ட நீள இடுக்கில் நீலமாக ஒரு கீற்றுக் கடல்.

கார்பைன்ஸ் கோவ் பிறை வடிவத்தில் வளைந்த சிறிய கடற்கரை. கரை நெடுகத் தென்னை, எதிரே பாம்புத் தீவு. ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை மாதிரி வெண்மணலும் கண்ணாடித் தண்ணீரும் எதிர்பார்த்தால் இங்கே கிடைக்காது. மணல் சாம்பல் நிறம், தண்ணீர் பச்சை. எனக்கு இதுதான் பிடித்தது. உள்ளூர்க்காரர்கள் குழந்தைகளோடு வந்து குளிக்கிற கடற்கரை இது. குளிப்பதற்கென்று குறித்த இடத்தில் முதலை வராமல் இருக்க வலை கட்டியிருக்கிறார்கள். உப்புநீர் முதலைகள் இந்தத் தீவுகளில் நிஜமாகவே உண்டு. எச்சரிக்கைப் பலகையைப் படியுங்கள், வலையைத் தாண்டாதீர்கள், உயிர்காப்பவர் விசில் ஊதினால் உடனே கரைக்கு வந்துவிடுங்கள்.

ஒரு சிறுமி பாவாடை மடி நிறையச் சிப்பியும் பவளத் துண்டுகளும் பொறுக்கி வந்தாள். பெரியம்மா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதெல்லாம் கடலோட வீடு கண்ணு, எடுத்த இடத்துலயே வச்சிரலாமா?" என்றார். பவளத்தை எடுத்துப் போவது சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறார்கள். அதை அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் தனியாகச் சொன்னார். பிள்ளையிடம் சட்டம் பேசவில்லை. அவள் ஒவ்வொன்றாகத் தண்ணீரோரம் வைத்துவிட்டு வந்தாள்.

கடைசி நாள் சாயங்காலம், ஒரு செவ்வாய்க்கிழமை, மறுபடியும் மெரினாவின் சுவரோரம். சூரியன் நமக்குப் பின்னால் ஊருக்குள் மறைய, எதிரே ராஸின் மரங்கள் மட்டும் கொஞ்ச நேரம் பொன்னிறமாக நின்றன. கடலில் சூரியன் இறங்குவதை இங்கே பார்க்க முடியாது. அதற்குத் தெற்கே சிடியா டாப்பு போக வேண்டும். ஆனால் இந்தக் கரையில் வேறொன்று உண்டு. ஹாடோ துறையிலிருந்து கிளம்பும் கப்பல் ராஸுக்கும் வடக்குக் குடாவுக்கும் நடுவே வெளிக்கடலுக்குப் போவதைப் பார்க்கலாம். அன்று சென்னைக் கப்பல் கிளம்பியது. விளக்குகளெல்லாம் எரிய, மெதுவாக, ஒரு தெருவே நகர்ந்து போவது போல.

"அப்பல்லாம் கப்பல் வந்தாத்தான் கடுதாசி. கப்பல் வர்ற அன்னைக்குப் பாதி ஊர் துறையில நிக்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, ரெண்டு வாரத்துப் பேப்பர், உங்க அம்மா எழுதுன கடுதாசி, எல்லாம் ஒண்ணா வரும்."

சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் கப்பலைப் பார்த்துக் கையசைத்தார்கள். அதில் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்களா என்று தெரியவில்லை. பெரியம்மாவும் கையசைத்தார். பிறகு விரல் விட்டு எண்ணினார்.

"புதன், வியாழன்... வெள்ளிக்கிழமை காலையில மெட்ராஸ்ல இருக்கும்."

ராஸின் ஓரமாகக் கடைசி விளக்கும் மறைந்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினோம்.