அந்தப் படத்தின் கீழ் ஒரு வரி

எங்கள் அருங்காட்சியகத்துக்குப் படம் கொடுத்த அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன் தாத்தா பீச் மரங்களுக்கு நடுவே நிற்கும் படத்தின் கீழ் "தோட்ட உரிமையாளர்" என்று போட வேண்டும்.

"பத்திரம் ஏதாவது இருந்தால் கட்டாயம் போடலாம்" என்றேன்.

"பத்திரம் இருக்கக் கூடாது என்றுதானே சட்டமே போட்டார்கள்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

சட்டம் எனக்குத் தெரியாததல்ல. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1913-இல் விதித்தது. 1920-இல் குத்தகையையும் தடுத்தது. முதலில் குறி ஜப்பானியர்மேல்தான். 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், அதனால் குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும், யூபா சிட்டியிலும் இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் உழுதுகொண்டிருந்த பஞ்சாபிகளும் அதில் மாட்டிக்கொண்டார்கள். பிறகு நிலம் நம்பகமான வெள்ளைக்காரர் பெயரில் இருந்தது, வக்கீல் பெயரில் இருந்தது, இங்கேயே பிறந்த பிள்ளைகள் பெயரில் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் பலர் மெக்சிகோக்காரப் பெண்கள். திருமண உரிமத்தில் இனம் கேட்கும் இடத்தில் இருவருக்கும் "பழுப்பு" என்று எழுதிக்கொடுத்த குமாஸ்தாக்கள் உண்டு. இந்த அம்மாவின் பாட்டியும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்தான்.

வீட்டுக் கணக்குப் புத்தகங்கள் இருந்த பெட்டி 1955 கிறிஸ்துமஸ் வெள்ளத்தில் போய்விட்டதாம். யூபா சிட்டியை ஒட்டி ஓடும் ஃபெதர் ஆற்றின் கரை ஷாங்காய் பெண்ட் என்ற இடத்தருகே உடைந்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளம் அது. அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினார், சாக்குச் சொல்வதாக நான் எடுத்துக்கொள்வேனோ என்று.

"பயிரிட்டவர்" என்றே எழுதினேன். கீழே சட்டத்தைப் பற்றி இரண்டு வரி சேர்த்தேன்.

செய்தது சரிதான் என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருக்கின்றன. பத்திரத்தில் பெயர் உள்ளவரின் பேரன் நாளைக்கு வந்து நின்றால் என்ன சொல்வது? பெயரைக் கொடுத்து உதவியவர்களில் வாக்குத் தவறாதவர்களும் உண்டு, விளைச்சலை விழுங்கியவர்களும் உண்டு. இந்த நிலத்துக்குப் பெயர் கொடுத்தவர் எந்த வகை என்று நான் அறியேன். அதைவிட முக்கியம், உரிமையாளர் என்று எழுதிவிட்டால் அந்த மனிதருக்கு மறுக்கப்பட்டதே மறைந்துபோகும். பார்க்கிறவர், வந்தார், வாங்கினார், வாழ்ந்தார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். இதை இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அதே கூடத்தில், மெக்சிகோ ஆட்சிக் காலத்தில் இங்கே குடியேறிய ஜான் சட்டரின் ஹாக் பண்ணைப் படமும் இருக்கிறது. அவருக்கு "உரிமையாளர்" என்றுதான் போட்டிருக்கிறோம். மெக்சிகோ ஆளுநர்கள் அவருக்குக் கொடுத்த இரண்டு நில மானியங்களில் ஒன்றை அமெரிக்க உச்ச நீதிமன்றம் பின்னால் செல்லாது என்றது. அவருக்கு முன்பே ஃபெதர் ஆற்றங்கரையில் வாழ்ந்த நிசெனான் பூர்வகுடி மக்களிடம் பத்திரம் என்று எதுவுமே இல்லை. சட்டரை விடுங்கள், பழத்தோட்டக் குடும்பங்களின் படங்களுக்கு நானே எழுதிய வரிகள் இருக்கின்றன. குடும்பத்தார் சொன்னார்கள், எழுதினேன். அவர்கள் யாரிடமும் பத்திரம் கேட்டதில்லை.

பேச்சின் தொடக்கத்தில் அவர், "நீங்களும் இந்தியாதானே" என்றார். நான் திருநெல்வேலிப் பக்கம்; அவர் தாத்தா ஜலந்தர் பக்கம். ஊரில் இருந்திருந்தால் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க மாட்டோம். இருந்தும் அந்த வார்த்தைக்குப் பிறகுதான் நான் விறைத்துக்கொண்டேன் என்று தோன்றுகிறது. நம்மவர் என்பதால் சலுகை காட்டினான் என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொல்லிவிடக் கூடாதே என்ற எண்ணம்தான் பத்திரம் கேட்க வைத்ததா? சில நாள் ஆமாம் என்று படுகிறது. சில நாள், யாராக இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும், இத்தனை நாள் கேட்காமல் விட்டதுதான் தவறு என்று படுகிறது.

அவர் படத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் இப்போது மாவட்டப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 1946-இல் இந்தியர்களுக்குக் குடியுரிமை வழி திறந்தது. அதன் பிறகு அந்த நிலம் தாத்தாவின் பெயருக்கு வந்திருந்தால் அது ஒரு சாட்சி. வராமல் போயிருந்தால், ஒன்று எல்லாப் படங்களுக்கும் பத்திரம் கேட்க வேண்டும், அல்லது அவர் கேட்டதை எழுதிக்கொடுக்க வேண்டும். எதைச் செய்வேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.