பூண்டும் எண்ணெயும்: 15 நிமிஷ வெளிநாட்டு சமையல், இதுவரைக்கும் பண்ணது

இப்போ எங்க தண்டையார்பேட்டை வீட்ல அடிக்கடி பண்றது ஸ்பெயின்காரங்களோட கம்பாஸ் அல் அஹியோ, பூண்டு எண்ணெய்ல எறா, அவ்ளோதான். காசிமேட்ல காலைல எறா வாங்கும்போது அந்த அக்கா "தலைய கிள்ளி போட்றவா தம்பி"ன்னு கேப்பாங்க, வேணாங்க்கா தலையும் குடுங்கன்னு வாங்கிட்டு வந்துடுவேன், ஏன்னா மொதல்ல ஆலிவ் ஆயில்ல அந்த தலைங்கள போட்டு லேசா நசுக்கி வதக்கி எடுத்துட்டா எண்ணெயே செவந்து எறா வாசனை ஏறிடும். அப்புறம் அடுப்ப அணைச்சு எண்ணெய் நல்லா ஆறினதும் சீவின பூண்ட போட்டு சின்ன தீல வைக்கணும். சூட்டுல போட்டா வெளிய கருகி உள்ள பச்சையா நிக்கும், ஆறின எண்ணெய்ல இருந்து மெதுவா ஏறினாதான் சாறு எறங்கும். ஓரம் பொன்னிறம் ஆகும்போது காஞ்ச மிளகா, எறா, உப்பு. ரெண்டு மூணு நிமிஷம், எறா லேசா வளைஞ்சதும் எறக்கிடணும், முழு வட்டமா சுருண்டா ரப்பர்தான். கடலை எண்ணெய்லயும் பண்ணேன், நல்லாவே இருக்கு, ஆனா அது வேற ருசி. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைகாலம், அப்போ எறா வெலை ஏறிடும், அந்த சமயத்துல காளான்தான், அதுவும் ஸ்பெயின்ல பண்றதுதான்.

இதே பூண்டு எண்ணெய்தான் இத்தாலிக்காரங்களோட அலியோ ஒலியோ ஸ்பகெட்டி. அவங்க கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணி, 10 கிராம் உப்பு. நான் தண்ணிய பாதியாக்கி உப்பையும் பாதியாக்கிட்டேன், கஞ்சி கெட்டியா வருது, அந்த தண்ணி ஒரு கரண்டி ஊத்தி வேகமா கெளறினா எண்ணெய் பிரிஞ்சு நிக்காம பாஸ்தா மேல வழவழன்னு ஒட்டிக்கும். சாஸே அதான், வேற எதுவும் வேணாம். இதுல சீஸ் கொட்றது எனக்கு புடிக்கல.

தாய்லாந்து பாட் கப்ராவ், அதாவது துளசி போட்ட சிக்கன் வறுவல், அதுக்கு தீ நேர் எதிர். பூண்டையும் பச்ச மிளகாயையும் இடிகல்லுல இடிச்சு, கடாய்ல எண்ணெய் நல்லா காஞ்சதும் போட்டு, வாசனை வந்த உடனே கொத்தின சிக்கன், ஃபிஷ் சாஸ், ஆய்ஸ்டர் சாஸ், ஒரு சிட்டிக சக்கர. ஃபிஷ் சாஸ்னு பயப்பட வேணாம், நெத்திலியையும் உப்பையும் மாசக்கணக்குல ஊற வச்சு எடுக்குற தண்ணிதான், கருவாடு சாப்புட்ற ஊருக்கு அது புதுசே இல்ல. கடைசியா போட்ற இலை நம்ம மாடி துளசி வகையேதான். நம்மளுதுல லவங்க வாசனை தூக்கலா இருக்கும், அதனால அடுப்ப அணைச்சிட்டு கொஞ்சமா போட்டா போதும். மேல ஓரம் மொறுமொறுன்னு பொரிச்ச ஒரு முட்ட, சுடுசோறு. அம்மாவுக்கு இதுவரைக்கும் பண்ணதுலயே இதுதான் புடிச்சிருக்கு.

மூணுமே பூண்டு எண்ணெய்தான், தீய எப்போ ஏத்துறோம் எப்போ எறக்குறோம்ங்கறதுலதான் நாடே மாறுது. பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸான அத்தோ விக்கிற கடைலயும் நூடுல்ஸ், கோஸ், புளித்தண்ணியோட பூண்டெண்ணெய் ஊத்திதான பிசையுறாங்க, அடுத்து அதுதான். அதுகூட குடுக்குற வாழத்தண்டு சூப்புக்கு 15 நிமிஷம் பத்தாது, அத ஞாயித்துக்கெழமைக்கு வச்சிருக்கேன், நூடுல்ஸும் பொரிச்ச வெங்காயமும் இந்த வாரமே பண்ணிடுவேன்.