இரண்டு ஊசியும் நான்கு ஊசியும்

எனக்கு முதல் வகை சர்க்கரை நோய் இருப்பது 1998-இல், பதினொன்றாம் வயதில் தெரியவந்தது. அன்று தொடங்கி இருபது ஆண்டுகள், காலையும் இரவும் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டிய முப்பதுக்கு எழுபது கலவை இன்சுலினோடுதான் வாழ்ந்தேன். அந்த மருந்து உயிரைக் காத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பதை என் பசி முடிவு செய்யவில்லை, குப்பிக்குள் இருந்த மருந்துதான் முடிவு செய்தது.

அந்தக் கலவையில் முப்பது பங்கு, சில மணி நேரம் மட்டும் வேலை செய்யும் ரெகுலர் இன்சுலின். எஞ்சியது, மெதுவாகக் கரைவதற்காகப் புரோட்டமின் என்ற புரதம் சேர்த்த, பால்போல் கலங்கிய என்பிஎச் இன்சுலின். காலை ஏழு மணிக்குப் போட்டால் முற்பகல் முடியும் நேரத்தில் அது உச்சத்துக்கு வரும். அப்போது வயிற்றில் சோறு இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும். பாம்பனில் எங்கள் வீட்டிலோ, படகு கரை சேர்ந்து, மீன் ஏலம் போய், அம்மா கூடையோடு திரும்பிய பிறகுதான் உலை வைப்பார்கள். எனக்காக மட்டும் பக்கத்து வீட்டு அத்தை பன்னிரண்டு மணிக்கு ஒரு சிறு சட்டியில் தனியாகச் சோறு வடிப்பார்.

இரவு ஊசியின் உச்சம் நள்ளிரவைத் தாண்டி வரும். அம்மா இரண்டு மணிக்கு எழுந்து என் பின்கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். மின்விசிறிக் காற்றிலும் அங்கே வியர்த்திருந்தால், சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று எழுப்பி உட்காரவைத்துக் கருப்பட்டியை வாயில் கொடுப்பார். "மெல்லு தாயி, தூங்கிராத" என்ற அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. இன்சுலினைப் பற்றிப் பேசுபவர்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எண்ணைக் கேட்கிறார்கள். வீட்டில் யார் யாருடைய தூக்கம் போனது என்று கேட்பதில்லை.

2018-இல் மதுரை மருத்துவர் ஒருவர் இரவில் ஒரு முறை கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலினும், மூன்று வேளை உணவுக்கு முன்பு லிஸ்ப்ரோ என்ற வேகமான இன்சுலினும் என மாற்றினார். இரண்டு ஊசி நான்கானதே என்று உறவினர்கள் பரிதாபப்பட்டார்கள். ஆனால் கிளார்ஜின் தோலுக்கடியில் நுண்துகள்களாகப் படிந்து, பெரிய உச்சமின்றி ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் கசிவதால், சோறு தாமதமானால் லிஸ்ப்ரோவையும் தாமதமாகப் போட்டுக்கொள்ளலாம். முதல் வாரத்தில் ஒருநாள் மாலை மூன்றரை மணிக்கு, எல்லோருடனும் உட்கார்ந்து நகரை மீன் குழம்பு சாப்பிட்டேன். நள்ளிரவுத் தாழ்சர்க்கரை முற்றிலும் நிற்கவில்லை, அரிதாகிவிட்டது. விரல் நுனியைக் குத்திப் பார்ப்பதும் சோற்றை அளப்பதும்தான் கூடின.

விலைதான் இடித்தது. அரசு மருத்துவமனைக் குப்பி இலவசம். பேனா வடிவ ஊசியில் வரும் இந்தப் புதிய மருந்துகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகு வருமானம் நின்றுவிடும். அப்படி ஒரு தடைக்காலத்தில் பழைய கலவைக்கே திரும்பினேன். மருந்துக் கடையில் ஆரஞ்சு மூடி போட்ட, மில்லிலிட்டருக்கு 100 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சைக் கொடுத்துவிட்டார்கள். குப்பியில் இருந்ததோ மில்லிலிட்டருக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு வேண்டும். இருபதாம் கோடுவரை இழுத்தால் உள்ளே போவது எட்டு யூனிட்தான். இருபதாண்டு அனுபவக்காரியான நானும் மூடியின் நிறத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் சர்க்கரை நானூறுக்குக் கீழே இறங்கவே இல்லை.

அதன்பிறகு மருத்துவரைக் கேட்டு ஒரு சமரசத்துக்கு வந்தோம். கிளார்ஜினை மட்டும் எப்படியாவது வாங்கிவிடுகிறேன். மண்பானைக்குள் பானை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பிக் கோடை மின்தடையில் அதைக் காக்கிறேன். கையில் காசில்லாத மாதங்களில், உணவு நேரத்துக்கு இலவச ரெகுலர். அதற்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அம்மா குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றும்போது ஊசியைப் போட்டுக்கொள்கிறேன். அது கொதித்து இறங்குவதற்குள் நேரம் சரியாகிவிடுகிறது.