கிரானோலா ஆறட்டும், அதுவரை கை வைக்காதீர்கள்

ஓட்ஸையும் கொட்டைகளையும் தேனில் கலந்து ஓவனில் சுட்டெடுப்பதுதான் கிரானோலா. ஓவனிலிருந்து எடுத்த கையோடு அதை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, மொறுமொறுப்பே இல்லையே என்று தட்டை மறுபடி உள்ளே தள்ளுவதில்தான் பாதிப் பேருக்குக் கருகிப் போகிறது. சூட்டில் அது மெத்தென்றுதான் இருக்கும். தேனில் உள்ள சர்க்கரை சூடு இருக்கும்வரை பாகு, ஆறினால்தான் இறுகும். அதனால் நான் எடுக்கும் நேரத்தைப் பல்லிடம் கேட்பதில்லை, கண்ணிடமும் மூக்கிடமும் கேட்கிறேன்.

என் அளவு இது. ஓட்ஸ் 300 கிராம், பாதாமும் பூசணி விதையும் சேர்த்து 150 கிராம், தேன் 100 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 80 மில்லி, அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் பட்டைத் தூள். உப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் வெறும் இனிப்பு மட்டும் நாக்கில் நிற்கும்.

ஓட்ஸில் தட்டையாக, பெரிய இதழ்களாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ்தான் இதற்குச் சரி. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மெல்லியது, உடைந்தது. பாகு பட்டால் மாவு போல ஆகி, சீக்கிரம் கருகவும் செய்யும். தட்டையாக்காமல் துண்டு துண்டாக நறுக்கிய ஸ்டீல் கட் ஓட்ஸ் அதற்கு நேர் எதிர், பல்லுக்கு வேலை வைக்கும்.

எண்ணெயைக் குறைத்தால் ஆரோக்கியம் என்று என் கணவருக்கு ஒரு எண்ணம். குறைத்தால் கிடைப்பது வறண்ட, தூசி போன்ற ஓட்ஸ். எண்ணெய்தான் ஒவ்வொரு இதழையும் பூசிக்கொண்டு சூட்டைச் சீராகப் பரப்புகிறது. குறைத்தே தீர வேண்டுமென்றால் சாப்பிடும் அளவைக் குறைக்கட்டும்.

கட்டி கட்டியாக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. நுரை வரும்வரை அடித்து, எல்லாம் கலந்த பிறகு கடைசியாகச் சேர்க்கவும். அதிலுள்ள புரதம் சூட்டில் இறுகி ஓட்ஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டை வாடை வராது. முட்டை சாப்பிடாதவர்கள் இரண்டு கைப்பிடி ஓட்ஸை மிக்ஸியில் பொடித்துக் கலக்கலாம். அதுவும் ஒட்டும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

அப்புறம், தட்டு. பேக்கிங் பேப்பர் விரித்து, கலவையைப் பரப்பி, கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாக அழுத்திவிட வேண்டும். ஓவன் 150 டிகிரி செல்சியஸ், 35 முதல் 40 நிமிடம். அவசரப்பட்டு 180 வைத்தால், உள்ளே ஈரம் போவதற்குள் மேலே தேன் கருகிவிடும். மொறுமொறுப்பு என்பது ஈரம் வெளியேறுவதுதான். அதற்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். பாதியில் ஒரு முறை தட்டை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வையுங்கள், ஓரங்கள் முந்திக்கொண்டு சிவக்கும். கிளறுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்: கிளறினால் உதிரி, கிளறாவிட்டால் கட்டி. எனக்குக் கட்டிதான்.

நிறம் பொன்னாகி, வறுத்த கொட்டை வாசனை வந்ததும் வெளியே எடுத்து ஒரு மணி நேரமாவது தொடாமல் விடுங்கள். எங்கள் வீட்டில் இதுதான் கஷ்டமான கட்டம். சூட்டோடு கிளறினால் கட்டிகள் அங்கேயே உடைந்துவிடும். முழுக்க ஆறியதும் கையால் பெரிய பெரிய துண்டுகளாக உடைக்கலாம்.

உலர் திராட்சை அதற்கப்புறம்தான். ஓவனில் போட்டால் கல்லாகி, கசக்கும். நான் அதைத் தனி டப்பாவில் வைத்து, சாப்பிடும்போது கிண்ணத்தில் தூவிக்கொள்கிறேன்; சேர்த்து வைத்தால் திராட்சையின் ஈரம் ஓட்ஸுக்குப் போய் எல்லாம் நமுத்துவிடும்.

மொறுமொறுப்பும் அளவோடு இருக்க வேண்டும். 1863ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் செய்த 'கிரானுலா' இதற்கெல்லாம் மூதாதை. கோதுமை மாவை இரண்டு முறை சுட்டு உடைத்தது. அது இருந்த கடினத்துக்கு, இரவே பாலில் ஊற வைத்தால்தான் காலையில் மெல்ல முடியும்!

காற்றுப் புகாத பாட்டிலில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். இடையில் நமுத்தால் தூக்கிப் போடாதீர்கள். அதே 150 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வைத்து எடுங்கள், மறுபடி ஆறவிடுங்கள்.