இடையன்குடியில் நாம் நடந்த தெருக்கள்

மிஷனரியும் தமிழறிஞருமான ராபர்ட் கால்டுவெல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மெரினா சிலைதான் ஞாபகம் வரும், 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தது. இடையன்குடியில் படித்த நமக்கோ, அவர் நாம் தினமும் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன தெருவைப் போட்டவர்.

அயர்லாந்தில் பிறந்து கிளாஸ்கோவில் படித்தவர். 1838இல் மதராஸில் வந்து இறங்கினார். மூன்று வருடம் கழித்து அங்கிருந்து சிதம்பரம், தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றி, பெரும்பாலும் நடந்தே திருநெல்வேலிச் சீமையில் உள்ள நம் இடையன்குடிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 27. இடம் வாங்கி, தெருக்களை நேராக அளந்து போட்டு, கிணறு வெட்டி, மரம் நட்டார். பனையும் மணலுமாகக் கிடந்த இடத்தில் ஓர் ஊரே எழுந்தது.

எலைசா அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். கால்டுவெல்லின் மனைவி. நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த மால்ட் ஐயரின் மகள் (பாதிரியாரை நம் பக்கம் ஐயர் என்போம்). சிறுவயதிலிருந்தே தமிழ் கேட்டு வளர்ந்தவர். 1844இல் கல்யாணம். தன் தாயார் மார்த்தா நாகர்கோவில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ரேந்தைப் பின்னலை (லேஸ்) இங்கே கொண்டுவந்தார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். என் ஆச்சி பின்னல் திண்டை (தலையணை போன்றது) மடியில் வைத்து, நூல் சுற்றிய குச்சிகளைக் கடகடவென்று மாற்றி மாற்றிப் போடுவாள். குண்டூசி நகர நகரப் பூ விரியும். அந்தக் காசில்தான் எங்கள் வீட்டில் நோட்டுப் புத்தகம் வாங்கினோம்.

அவர் கட்டிய கோயிலின், அதாவது தேவாலயத்தின், கதை தனி. 1847இல் அஸ்திவாரம், 1880இல் பிரதிஷ்டை. 33 வருடம்! நடுவில் 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் வேறு. நம் ஊர்க் கொத்தனார்கள் கண்டிராத கூர்வளைவு ஜன்னல்களுக்குக் கால்டுவெல் ஐயரே களிமண்ணில் மாதிரி செய்து காட்டினாராம்.

பத்து வருடத்துக்கு மேல் இந்த ஜனங்களோடு பேசிப் பழகிய பிறகு, 1856இல் லண்டனில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலை வெளியிட்டார். தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை 1816இலேயே சொல்லியிருந்தார். சரி, பிறகு கால்டுவெல் செய்தது என்ன? வகுப்பில் ஒருவன் கேட்டான். 'தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளுவோடு மலைவாழ் மக்கள் பேச்சு வரை எடுத்து, வேற்றுமை உருபையும் எண்ணுப்பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாரே, அதுதாம்ல' என்றார் எங்கள் சரித்திர வாத்தியார். 'நான்', 'ஒன்று', 'இரண்டு' என்ற சொற்களைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என நான்கு மொழியிலும் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டார். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அதே வாத்தியார் இன்னொன்றையும் மறைக்கவில்லை. பனையேறிக் குடும்பங்களைப் பற்றி ஐயர் 1849இல் எழுதிய சிறு நூல், பின்னாளில் அந்த மக்களிடமே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதில் நியாயம் இருந்தது. நம் முன்னோரைத் தாழ்த்தி எழுதிய வரிகள் எனக்கும் வலிக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

பழைய துறைமுகமான கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பழம்பொருளும் தேடியிருக்கிறார். 1877இல் பிஷப் ஆனார். 1891இல் கொடைக்கானலில் காலமானார். உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் குடியிருந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம். லீவுக்கு ஊருக்குப் போகும் நம் சங்கத்தார் பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப் போங்கள். அப்படியே கோயில் ஜன்னல்களையும் பக்கத்தில் நின்று காட்டுங்கள்.