தலைப்புப் பக்கத்தில் 1926

முதலியார் செ. இராசநாயகத்தின் 'ஏன்ஷியன்ட் ஜாஃப்னா' 1926இல் சென்னையில் வெளிவந்த ஆங்கில நூல். அதன் முதற் பதிப்பைக் கன காலம் தேடினேன். 1981இல் நூலகம் எரிந்த யாழ்ப்பாணத்தில் இப்படியான புத்தகம் ஒன்று கைக்கு வருவதென்றால் சும்மாவா? போன வருடம் ஒருவரிடம் கிடைத்தது. தலைப்புப் பக்கத்தில் 1926 என்று தெளிவாக இருந்தது. கேட்ட காசைக் கொடுத்து வாங்கினேன்.

அன்று பின்னேரமே மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஆண்டைப் பார்க்கவேயில்லை. ஓர் ஒற்றையைத் திருப்பி அதன் முதுகை விரலால் தடவினார். "தம்பி, இதிலை எழுத்துக் குத்தேல்லை" என்றார். உள்ளே போய்ப் பழைய தேவாரப் புத்தகமொன்றை எடுத்துவந்து என் விரலை அதில் வைத்தார். ஈய எழுத்து அழுத்திய இடமெல்லாம் மறுபக்கத்தில் மணல்போல மெல்லிய பருக்கள். என் புத்தகமோ வழுவழுவென்று இருந்தது.

தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. கிழிசலுக்கு ஒட்டியது என்றுதான் நினைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே எழுத்துகள் தெரிந்தன: புதுதில்லி, 1984. ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் என்ற பதிப்பகத்தின் மீள்பதிப்பு. பழைய நூலைப் படம்பிடித்து அச்சிடுவதால் பழைய தலைப்புப் பக்கமும் அப்படியே வந்துவிடும். படிப்பதற்கு அருமையான பதிப்பு. ஒளித்து விற்றதுதான் எனக்கு ஆறவில்லை. விற்றவர் பாதிக் காசைத் திருப்பித் தந்தார்.

சரி, அதற்குப் பிறகு என் பார்க்கும் முறையே மாறிவிட்டது. முதலில் தலைப்புப் பக்கத்தின் முதுகு, பிறகு தாள், பிறகு அச்சு. எங்கள் பதிப்பகங்களில் ஒரு சொல்லும் மாற்றாமல் திரும்ப அச்சிட்டதையும் 'இரண்டாம் பதிப்பு' என்றுதான் பலர் போடுவார்கள். அதனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி விலை பேசுவதில்லை.

தமிழ் நூல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அண்மையில் கிடைத்த சிறிய சரித்திர நூலில் 'பிரபவ வருடம் தை' என்று மட்டும் இருந்தது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை பிரபவ வரும். தை மாதம் என்பதால் 1868, 1928, 1988 மூன்றுமே பொருந்தும். எண்பதுகளிலும் இங்கே ஈய எழுத்து ஓடியதால் விரல் உதவவில்லை. பின்னட்டையில் 'விலை சதம் 50' என்று இருந்தது. இலங்கையில் ரூபாயும் சதமும் கணக்குக்கு வந்தது 1872இல். ஆகவே 1868 இல்லை. அச்சக முகவரியில் ஆங்கிலத்தில் சிலோன் என்று இருந்தது. 1972இல் அந்தப் பெயர் போய்விட்டது. 1988இல் ஐம்பது சதத்துக்குப் புத்தகமும் கிடையாது. மிஞ்சியது 1928.

மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கொண்டு வா, தடவிப் பாப்பம்" என்றார்.